மேய்க்காலில் குறுங்காடு வேண்டும் என்கிறார்கள். ஆடுகள் எங்கே போவது?

பட்டிக்காரி (வேப்பூர் வட்டம்) கேட்டது:

வேப்பூருக்கு மேற்கே, மானாவாரி மக்காச்சோளம் விளைகிற ஊர் எங்களுடையது. மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் வெள்ளாடுகள் உண்டு. எனவே இந்தக் கேள்வியில் எனக்குச் சொந்த லாபமும் இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

ஊருக்குத் தெற்கே, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஆடுமாடு மேய்கிற பொது நிலம், என்று பதிந்த நிலம் பதினெட்டு ஏக்கர் அளவுக்குக் கிடக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி நிலம் அல்ல. ஏரிப்பக்கம் தாழ்வு, அங்கே அறுகும் கோரையும். நடுவில் கல்லாங்குத்து, மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல் தழைக்கும், ஆவாரையும் இரண்டொரு வெள்வேல மரங்களும் நிற்கும். மேற்கு ஓரம் முழுவதும் சீமைக் கருவேலம். அதற்குள் ஆடு நுழையும், ஆள் நுழைய முடியாது.

இப்போது வெளியூர் அமைப்பு ஒன்று அங்கே குறுங்காடு வளர்த்துத் தருவதாக ஊராட்சியில் கேட்டிருக்கிறது. மியாவாக்கி முறையில் நெருக்கி நடுவார்களாம். முதல் வேலை, பதினெட்டு ஏக்கரையும் சுற்றிக் கம்பி வேலி. செலவு அவர்களுடையது என்றவுடன் பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள். மரம் வேண்டாம் என்று யார் வாய் திறப்பார்கள்? திறந்தால் பாவி என்று பெயர் வரும்.

எங்கள் ஊரில் ஆடு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாத பெண்கள். குழுவில் வாங்குகிற கடனில் பெரும்பகுதி ஆட்டுக் கடன்தான். வெள்ளிக்கிழமை வேப்பூர் சந்தைக்கு ஒரு கிடாயை ஓட்டினால் தவணையும் கட்டலாம், மருத்துவச் செலவையும் சமாளிக்கலாம். புரட்டாசியில் சோளம் விதைத்துவிட்டால் தையில் அறுக்கும்வரை கொல்லைகளில் ஆடு கால் வைக்க முடியாது. அந்த மாதங்களில் மேய்க்கால் ஒன்றுதான் கதி. காப்புக் காட்டு ஓரமாகப் போனால் விரட்டுகிறார்கள்.

அதே சமயம், மேய்க்கால் நல்ல நிலையில் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். என் மாமியார் காலத்தில் கூரைக்குப் புல் அறுத்த இடம் அது. இப்போது கார்த்திகையிலேயே தரை தெரிகிறது. யாருக்கும் கட்டுப்பாடு கிடையாது. முதலில் ஓட்டிப் போகிறவருக்குப் புல், பிந்தியவருக்குத் தூசி.

மரம் நட்டால் எல்லா நிலமும் சீராகிவிடுமா? வேலி இல்லாமல் புல்லைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? காடு, மேய்ச்சல் பற்றி நேரில் அறிந்தவர்கள் சொல்லுங்கள். சும்மா ‘மரம் வளர்ப்போம்’ என்று வாழ்த்த வருகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

ஓய்வுபெற்ற வனவர் (விருத்தாசலம்) எழுதியது:

அம்மா, வணக்கம். மரம் நட்டே பணிக்காலம் முடிந்தவன் சொல்கிறேன்: அந்தக் கல்லாங்குத்தில் குழி வெட்ட விடாதீர்கள்.

நம் துறையிலும் வருவாய்த் துறையிலும் ஒரு பழைய பழக்கம் உண்டு. மரம் இல்லாத இடம் என்றால் அது கெட்டுப்போன காடு, அல்லது தரிசு. புல்வெளி தனக்கென்று ஓர் உயிர்ச்சூழல் என்பதை ஏட்டில் எழுத மாட்டார்கள். உங்கள் கல்லாங்குத்தில் கௌதாரி, ஆள்காட்டி, வானம்பாடி மூன்றும் இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். மூன்றும் தரையில் முட்டையிடுகிறவை, திறந்த வெளி கேட்பவை. அடர்ந்த நிழல் விழுந்தால் கொழுக்கட்டைப் புல்லும் போகும், அவையும் போகும்.

கணக்கு எழுதுகிறவர் நீங்கள், எனவே இதையும் கணக்காகச் சொல்கிறேன். மியாவாக்கி முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள். மூன்று என்றே வைத்தாலும் ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல்; பதினெட்டு ஏக்கருக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். முதல் இரண்டு மூன்று வருடம் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். நகரத்தில் கால் ஏக்கர் காலிமனைக்கு அந்த முறை சரி. பாறை மேல் ஒரு முழ மண் இருக்கிற மேய்ச்சல் தரைக்கு அல்ல.

இனிப் புல். கொழுக்கட்டைப் புல் தூர்விட்டு வளர்வது. முதல் மழைக்குத் துளிர்க்கும்போது அடித்தண்டில் சேர்த்து வைத்ததை எல்லாம் செலவழித்துத்தான் இலை விடுகிறது. அந்த இலையை உடனே கடித்தால், மறுபடி துளிர்க்கும். மறுபடி கடித்தால் வேர் சுருங்கும். கறந்த மடியையே திரும்பத் திரும்பக் கறப்பது போலத்தான். ஒரு பருவம் விட்டு, பூத்து விதை உதிர்ந்த பிறகு மேய்த்தால் எந்தச் சேதமும் இல்லை, மேய்ச்சல் நல்லதுகூட. காய்ந்த தாள் குறையும், குளம்பு பட்டு விதை மண்ணில் பதியும், புழுக்கை விழும்.

எனவே வழி இதுதான். நம் மாவட்டத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசி முதல் மார்கழி முடிய மேய்க்காலை மூடுங்கள், தையில் திறந்துவிடுங்கள். கம்பி வேண்டாம், ஊர்க் கட்டுப்பாடு போதும். கொங்கு நாட்டில் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள்: கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல், சுற்றிலும் முட்கிளுவை வேலி. காங்கேயம் மாடுகள் அதில்தான் வளர்ந்தன. அது தனியார் நிலம், உங்களுடையது பொது நிலம், என்றாலும் புல் ஒன்றுதான்.

புதுவை மரநேசன் எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. நாங்கள் புதுச்சேரியில் கன்று நடுகிறவர்கள். எங்கள் பக்கம் புறம்போக்கு என்றால் என்ன நடக்கும் தெரியுமா? முதல் வருடம் வைக்கோல் போர், இரண்டாம் வருடம் கீற்றுக் கொட்டகை, அடுத்து மின் இணைப்பு, அதற்கடுத்து மனைப் பிரிவு. ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்காவிட்டால் கரை முழுவதும் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். காலியாகக் கிடக்கிற நிலத்தை யாரும் விட்டுவைப்பதில்லை. வேலியும் மரமும் நின்றால்தான் அது பொது நிலம் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். வீரை, காசான், இரும்புளி என்று நம் மண்ணின் உலர் பசுமைமாறாக் காடு எப்படி இருந்திருக்கும் என்பது அங்கேதான் தெரியும். அப்படி ஒரு காடு வேப்பூர்ப் பக்கமும் வரட்டும் என்று நினைப்பது தவறா? ஆடுகளுக்குப் பட்டியில் தீவனம் வைத்து வளர்க்கலாமே, அக்கா.

பட்டிக்காரி எழுதியது:

தம்பி, பட்டியில் வைக்கும் தீவனத்துக்கு நிலம் வேண்டும், கிணறு வேண்டும், அறுத்து வர ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றும் உள்ளவர் எங்கள் ஊரில் ஆடு மேய்ப்பதில்லை, டிராக்டர் வைத்திருக்கிறார். ஆக்கிரமிப்பு பற்றி நீங்கள் சொன்னது மட்டும் உண்மை. ஏரிப்பக்கம் இரண்டு பேர் வரப்பைத் தள்ளித் தள்ளி உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள்; அவர்களும் குறுங்காட்டுக்குத் தலையாட்டியவர்கள்தான். வேலி எந்த இடத்தில் விழும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

வனவர் ஐயா, உங்கள் புல் கணக்கு புரிந்தது. ஆனால் நீங்கள் மூடச் சொல்கிற மாதங்களைத் திரும்பப் பாருங்கள். புரட்டாசி முதல் மார்கழி. கொல்லையில் சோளம் நிற்கிற அதே மாதங்கள். தையில் திறந்தால் எங்களுக்கு என்ன? தையில் தட்டை அறுத்த கொல்லை முழுவதும் மேய்ச்சல்தான். புல்லுக்கு ஓய்வு வேண்டிய நேரமும் ஆட்டுக்கு வேறு இடம் இல்லாத நேரமும் ஒன்றாக விழுகின்றன. இந்த முடிச்சை அவிழ்க்காமல் கட்டுப்பாடு போட்டால், மீறுகிறவள் முதலில் நானாகத்தான் இருப்பேன்.

கிள்ளைக்காரன் எழுதியது:

எங்கள் பக்கம் காடு தண்ணீரில் நிற்பது. புல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ‘ஆடுமாடு மேய்வதால்தான் காடு கெடுகிறது’ என்ற பேச்சைப் பிச்சாவரம் வெகுகாலம் கேட்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பிச்சாவரத்தில் வெண்கண்டலும் சுரபுன்னையும் திட்டுத் திட்டாகப் பட்டுப்போய் உவர்ப் பொட்டலாகக் கிடந்தன. மாடு மேய்க்கிறவர்கள் மேலும் விறகு வெட்டுகிறவர்கள் மேலும்தான் பழி. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து கூப்புக் கூப்பாக, அதாவது காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து, ஒரு மரம் விடாமல் மொட்டையாக வெட்டி ஏலம் விட்டிருக்கிறார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, மண் தாழ்ந்து, இடம் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகவில்லை. தேங்கி, வற்றி, உப்பு ஏறி, எந்த விதையும் பிழைக்காத மண்ணாகிவிட்டது. சட்டப்படி, திட்டம் போட்டுச் செய்த வேலை அது. பழி மட்டும் விறகுக்காரிக்கு.

மருந்தும் எளிதாகத்தான் இருந்தது. மீன்முள் வடிவில் ஒரு பெரிய வாய்க்காலும் பக்கத்தில் சிறு வாய்க்கால்களும் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். உப்பு குறைந்தது, பிறகுதான் கன்று. வாய்க்காலில் மண் தூர்ந்தால் மறுபடி வெட்ட வேண்டும், அதற்கு ஊர் மக்கள் வேண்டும். அதனால் ஊர்தோறும் குழு அமைத்து, வனத்துறையும் ஊரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிற முறை வந்தது. உப்பனாற்றுக் கால்வாய்களில் கையால் இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களும் அதில் உண்டு. அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வாய்க்கால் எப்போது தூர்கிறது என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2022இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இப்போது படகுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

நான் கேட்பது, சகோதரி: உங்கள் புல் ஏன் போனது என்று யாராவது பார்த்தார்களா? ஆடு கூடியதாலா, சீமைக் கருவேலம் மேற்கிலிருந்து நடந்து வருவதாலா, அல்லது ஏரிக்கு ஓடிய தண்ணீர் வழி மாறியதாலா? காரணம் தெரியாமல் வேலி போட்டால் உள்ளே பொட்டலைத்தான் காப்பாற்றுவீர்கள்.

நில அளவையில் இருந்தவன் (கடலூர்) எழுதியது:

சுருக்கமாக. முதலில் ‘அ’ பதிவேட்டு நகலும் நிலத்தின் எல்லை அளவு காட்டும் புலப்பட வரைபடமும் வாங்குங்கள். நில அளவையர் வந்து கல் ஊன்றட்டும். வேலி அதற்குப் பிறகுதான், யார் போட்டாலும். பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று தந்த தீர்ப்பு கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்கச் சொல்கிறது. மனுவில் அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள். மேசையில் கொஞ்சம் வேகமாக நகரும்.

காப்புக் காட்டு ஓரம் தனி விஷயம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லா வனத்திலும் மேய்ச்சலுக்குத் தடை என்றது. அதே மாதத்தில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. மற்ற காடுகளில் வனத்துறை அனுமதிக்கிற அளவுக்கு மேய்க்கலாம். வனச்சரகரிடம் எழுத்தில் கேளுங்கள். விரட்டுகிறவரிடம் வாய்ச்சண்டை வேண்டாம்.

கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் பொது நிலத்தை யாருக்கும் ஒப்படைக்க விடாதீர்கள். ‘பெரியவர்கள் தலையாட்டினார்கள்’ என்பது தீர்மானம் ஆகாது.

ஓய்வுபெற்ற வனவர் (விருத்தாசலம்) எழுதியது:

அம்மா கேட்ட முடிச்சு நியாயமானது. மூன்றாகப் பிரித்துவிடுங்கள். ஒரு மழைக்கு ஒரு பங்கு மட்டும் மூடப்படும், மற்ற இரண்டு திறந்திருக்கும். அடுத்த மழைக்கு அடுத்த பங்கு. மூன்று வருடத்தில் ஒவ்வொரு பங்கும் ஒருமுறை விதை உதிர்த்துவிடும். புல் மெதுவாகத்தான் வரும், ஆனால் ஆடு பட்டினி கிடக்காது. திறந்த இரண்டு பங்கில் நெருக்கடி கூடும் என்பதால், அந்த மாதங்களுக்குத் தழை வேண்டும். வெள்ளாடு புல்லைவிடத் தழையைத்தான் விரும்பும். செம்மறிதான் தரையைச் சுரண்டும். ஏரிக்கரை ஓரமும் வீட்டு வேலியிலும் அகத்தி, வாகை, கிளைரிசிடியா நடுங்கள்.

மரநேசன் தம்பிக்கு: உங்கள் கன்றுகளுக்கு இடம் இருக்கிறது, மேற்கு ஓரத்தில். சீமைக் கருவேலத்தை எடுத்துவிட்டு அங்கே நடுங்கள். வெட்டினால் போதாது, மறுபடி கிளைத்துவிடும். தூரோடு பெயர்க்க வேண்டும். காய்ந்த நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை முளைக்கத் தயாராக வந்து விழும், அதனால் இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் நாற்றுப் பிடுங்க ஆள் வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்கவும் கூடாது. அதில் விறகும் கரியும் எடுத்துப் பிழைக்கிறவர்கள் இருப்பார்கள். நடுகிற இடத்தில் வெள்வேல், நாவல், வேம்பு, உங்கள் வீரை, காசான் எல்லாம் போடலாம். வேலி அந்தத் துண்டுக்கு மட்டும், கன்று ஆட்டுக்கு எட்டாத உயரம் வளரும்வரை மட்டும்.

ஆக்கிரமிப்புக்கு மரம் மருந்து என்பதை நான் நம்புவதில்லை. 1981இல் சுவீடன் உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் வந்தபோது ஏரிகளில் கருவேலம் நட்டோம். ஏலம் விட்டதில் ஊராட்சிக்குப் பங்கு வந்தது, பல ஏரிகளில் நீர்ப்பறவை கூடு கட்டுவதும் அந்த மரங்களில்தான். அதையெல்லாம் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் அந்தப் படுகையில் மேய்த்தவர்களுக்கும் சுள்ளி பொறுக்கியவர்களுக்கும் ஏலத் தொகையில் பெயர் இல்லை. நிலத்தின் மேல் அக்கறை உள்ள ஆளை வெளியே அனுப்பிவிட்டு மரத்தைக் காவல் வைத்தால், மரம் யாரையும் தடுக்காது. தினமும் ஆடு போகிற நிலத்தில் வரப்பு நகர்ந்தால் அன்று மாலையே ஊருக்குத் தெரியும்.

பட்டிக்காரி எழுதியது:

மூன்று பங்கு யோசனையைக் குழுவில் பேசினேன். ஏரிப்பக்கப் பங்கை எந்த வருடம் மூடுவது என்பதில் சண்டை வந்தது; பேசுவதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். மழையில் ஏரிப்பக்கம் சேறு, ஆடுகளுக்குக் குளம்பழுகல் வரும் என்பதால் அதையே முதல் வருடம் மூடலாம் என்று வயதான ஒரு அம்மா சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறோம்: ‘மேய்க்கால் புறம்போக்கை அளந்து கல் ஊன்றிய பின், மூன்று பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கைப் புரட்டாசி முதல் மார்கழி முடிய மேய்ச்சலுக்கு மூடுவது. மேற்கு ஓரத்துச் சீமைக் கருவேலத்தைப் படிப்படியாகப் பெயர்த்து, அவ்விடத்தில் மட்டும் மரக்கன்று நடுவது. மூடிய பங்கில் மேய்ந்தால் ஆட்டுக்கு இவ்வளவு என்று அபராதம். அத்தொகை காவல்காரர் கூலிக்கு. ஊர் ஆடுகளுக்கு மட்டும் உரிமை.’ கிள்ளை அண்ணன் கேட்ட தண்ணீர் வழியை மழை வந்ததும் நடந்து பார்க்கப் போகிறோம்.

ஓய்வுபெற்ற வனவர் (விருத்தாசலம்) எழுதியது:

‘ஊர் ஆடுகளுக்கு மட்டும் உரிமை’ என்ற தீர்மானத்தின் கடைசி வரியை மாற்றுங்கள், அம்மா. தை அறுவடைக்குப் பிறகு தெற்கிலிருந்து கிடைக்காரர்கள் ஆட்டு மந்தையோடு உங்கள் பக்கம் வருகிறார்கள் அல்லவா? அவர்களைக் கொல்லையில் கிடை கட்டச் சொல்லி, அதாவது இரவில் மந்தையை அங்கே நிறுத்தச் சொல்லி, உரம் வாங்கிக்கொண்டு, மேய்க்காலில் தண்ணீருக்கும் நடைபாதைக்கும் இடம் இல்லை என்றால் எப்படி? மாசி, பங்குனியில் திறந்த பங்குகள் வழியாக ஏரிக்குப் போக அவர்களுக்கு வழி என்று ஒரு வரி சேருங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் கிடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பட்டிக்காரி எழுதியது:

சேர்க்கிறேன், ஐயா. ஆனால் நாள் கணக்கைக் கிடைக்காரரிடம் கேட்டால் பங்குனி முடியத் தங்குவேன் என்பார். பத்து நாள் என்று நான் தொடங்குகிறேன். பேரம் அங்கிருந்து நடக்கட்டும்.